அமெரிக்க அதிபர் அரசியலில் வெளிநாட்டுப் பணம்: கொடுத்த நாட்டைத் திட்டுகிறோம், வாங்கித் தந்த தரகனை மறந்துவிடுகிறோம்

பனங்காடு எழுதியது:

இமாத் சுபேரி என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆள் கலிஃபோர்னியாக்காரர். ஒபாமாவுக்கும் ஹிலரி கிளிண்டனுக்கும் பெருந்தொகை திரட்டிக் கொடுத்தவர். 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் கையோடு அந்தப் பக்கம் தாவி, டிரம்பின் பதவியேற்பு விழாக் குழுவுக்கு 9 லட்சம் டாலர் கொடுத்தார்.

நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், 2014-இல் இலங்கை அரசு இவரை வேலைக்கு அமர்த்தியது. போர் முடிந்து ஐந்து வருஷம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அந்த மார்ச்சில்தான் போர்க்கால மீறல்களை விசாரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது. வாஷிங்டனில் ராஜபக்ச அரசின் பெயர் கெட்டுக் கிடந்தது. அதைச் சரிக்கட்டித் தருகிறேன் என்று இவர் பேசிய தொகை 85 லட்சம் டாலர். கைக்கு வந்தது 65 லட்சம். அதில் 56 லட்சத்துக்கும் மேல் தனக்கும் தன் மனைவிக்கும் என்று ஒதுக்கிக்கொண்டார், லாபி நிறுவனங்களுக்கும் (காசு வாங்கிக்கொண்டு அரசிடம் ஆதரவு தேடித் தருபவை) வக்கீல்களுக்கும் போனது எட்டரை லட்சத்துக்கும் குறைவு. இது அமெரிக்க நீதித்துறையே நீதிமன்றத்தில் வைத்த கணக்கு.

வெளிநாட்டு முகவர் பதிவு ஆவணத்தில் பொய் சொன்னது, வரி ஏய்ப்பு, சட்டவிரோதத் தேர்தல் நன்கொடை, விசாரணைக்கு இடையூறு என்று எல்லாம் சேர்ந்து 2021 பிப்ரவரியில் 12 வருஷச் சிறைத்தண்டனை. சரி, நியாயம் கிடைத்தது என்று நினைத்தேன். 2025 மே மாதம் டிரம்ப் அந்தத் தண்டனையைக் குறைத்து ஆளை வெளியே விட்டுவிட்டார்.

அந்த 65 லட்சம் டாலர் யாருடைய பணம்? முல்லைத்தீவில் மண்ணெண்ணெய் வாங்குகிறவர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. அந்த மக்களுக்கு நடந்ததை மூடி மறைக்க அவர்கள் பணத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் வேண்டப்பட்டவராக இருந்த ஓர் அமெரிக்கர் அதைச் சாப்பிட்டிருக்கிறார். ரஷ்யா செய்தது, சீனா செய்தது என்று நாட்டின் பெயரைச் சொல்லியே இந்த விவாதம் எப்போதும் முடிந்துவிடுகிறது. எந்த அமெரிக்கன் வாங்கிக் கொடுத்தான், அவனை யார் விடுவித்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் கருத்து. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பழைய_ஏடு எழுதியது:

நல்ல இழை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: எல்லா நேரமும் பணமாகவே வரும் என்று இல்லை. 1968 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 31 இரவு அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் வந்து வட வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்துகிறேன் என்கிறார். பாரிசில் பேச்சுவார்த்தை, தென் வியட்நாமும் வந்து உட்காரும் என்பது ஏற்பாடு. ஜான்சன் கட்சியின் வேட்பாளரான துணை அதிபர் ஹம்ஃப்ரி அப்போது கருத்துக்கணிப்புகளில் குடியரசுக் கட்சியின் நிக்சனை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார், சமாதானம் வந்தால் அவர்தான் அதிபர் என்ற நிலைமை. நவம்பர் 2 அன்று தென் வியட்நாம் அதிபர் தியூ நாங்கள் வரமாட்டோம் என்று அறிவிக்கிறார். நவம்பர் 5 தேர்தல். ஐந்து லட்சம் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் நிக்சன் வென்றார்.

நடுவில் இருந்தவர் அன்னா செனால்ட். இரண்டாம் உலகப்போரில் சீனாவில் விமானப்படை நடத்திய அமெரிக்கத் தளபதியின் மனைவி, பிறகு விதவை, குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டுகிறவர், வாஷிங்டனில் இருந்த தென் வியட்நாம் தூதர் பூய் தியெமோடு நல்ல பழக்கம். பொறுத்திருங்கள், எங்கள் ஆள் வந்தால் உங்களுக்கு நல்லபடியாக முடியும் என்கிற மாதிரி செய்தி அவர் வழியாகப் போனதை எஃப்பிஐ தூதரகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பிடித்துவிட்டது. ஜான்சன் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டிர்க்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டு "இது தேசத்துரோகம்" என்றே சொன்னார். அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. நிக்சன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறை.

ஆனால் ஜான்சன் வெளியே சொல்லவில்லை. சொன்னால் நட்பு நாட்டின் தூதரகத்தையே ஒட்டுக்கேட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணங்களை அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ராஸ்டவ் ஓர் உறைக்குள் போட்டு முத்திரையிட்டு 1973-இல் ஜான்சன் நூலகத்தில் கொடுத்தார், 50 வருஷம் திறக்கக்கூடாது என்ற குறிப்போடு. நூலகம் தொண்ணூறுகளிலேயே திறந்துவிட்டது. பிறகு நிக்சனின் வலதுகரம் ஹால்டெமன் கைப்பட எழுதிய குறிப்புகள் கிடைத்தன. செனால்ட் தொடர்ந்து வேலை பார்க்கட்டும் என்பது நிக்சன் வாயிலிருந்து வந்த உத்தரவு என்று அதில் தெரிகிறது.

தியூ எப்படியும் வந்திருக்க மாட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரியில். அதற்குள் இன்னும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் அதைப்போலப் பல மடங்கு. ஒருவர்மேலும் வழக்கு இல்லை.

மறுகோணம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அமெரிக்கா மற்ற நாட்டுத் தேர்தல்களில் செய்யாததையா இவர்கள் செய்துவிட்டார்கள்? 1964-இல் சிலியில் ஃப்ரெய் ஜெயிக்க சிஐஏ 26 லட்சம் டாலர் செலவு செய்ததாக அவர்களுடைய செனட் குழுவே பின்னால் எழுதி வைத்தது, அவருடைய பிரச்சாரச் செலவில் பாதிக்கும் மேல் அது. 1953-இல் ஈரானில் பிரதமரையே சிஐஏ கவிழ்த்தது உலகத்துக்கே தெரியும். வினை விதைத்தவன் வினை அறுப்பான். இதற்கு நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?

பனங்காடு எழுதியது:

மறுகோணம், சிலியும் ஈரானும் உண்மைதான், ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை. ஆனால் விதைத்தது சிஐஏ, அறுத்தது யார்? 1968-இல் செத்தவன் பத்தொன்பது வயது ஒஹையோ பையனும் மெக்கோங் ஆற்றங்கரை விவசாயியும். அறுவடை விதைத்தவன் வீட்டுக்குப் போவதே இல்லை. அதனால்தான் பேசுகிறோம்.

கிள்ளான்_வாசி எழுதியது:

இலங்கைக் கதையைப் படித்ததும் எங்கள் கதை ஞாபகம் வந்தது, அதுவும் இதேதான்.

1எம்டிபி என்ற எங்கள் மலேசிய அரசு நிதியத்திலிருந்து 450 கோடி டாலர் திருடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டது. அதில் சூத்திரதாரி என்று சொல்லப்படும் ஜோ லோ, 2012-இல் ஒபாமாவின் மறுதேர்தலுக்கு அந்தப் பணத்தை நுழைத்தார். நுழைத்துக் கொடுத்தவர் ஃபியூஜீஸ் இசைக்குழுவின் ராப் பாடகர் பிராஸ் மிஷெல். தனக்கு வந்த பணத்தைத் தெரிந்தவர்கள் பெயரில் பிரித்துப் போட்டு நன்கொடையாகக் கட்ட வைத்தார். 2023-இல் நடுவர் குழு குற்றவாளி என்றது, 2025-இல் 14 வருஷம் கொடுத்தார்கள்.

இது ஜனநாயகக் கட்சிப் பக்கம். ஆட்சி மாறியதும் ஜோ லோவின் பணம் அந்தப் பக்கம் போயிற்று. குடியரசுக் கட்சியின் துணை நிதித் தலைவராக இருந்த எலியட் பிராய்டி, 1எம்டிபி விசாரணையைக் கைவிட வைக்க டிரம்ப் நிர்வாகத்திடம் ரகசியமாக லாபி செய்ததை 2020 அக்டோபரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, டிரம்ப் வெள்ளை மாளிகையை விட்டுப் போகும் நாளில் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

இங்கே அப்போது பிரதமராக இருந்த நஜிப் பிறகு சிறைக்குப் போனார். நாங்கள் தெருவில் இறங்கி, ஓட்டுப் போட்டு, அறுபது வருஷ ஆட்சியை மாற்றினோம். அங்கே எங்கள் பணத்துக்காக லாபி செய்தவர் ஒருநாள்கூட உள்ளே இருக்கவில்லை. வயிறு எரிகிறது.

எடிசன்வாசி எழுதியது:

சட்டம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே இருக்கிற நம்மவர்கள் பலருக்கு நேரடியாகப் பொருந்தும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை கொடுக்கக்கூடாது. அதிபர் தேர்தல் மட்டும் இல்லை, ஊர் மேயர் தேர்தலுக்கும் கூடாது. எச்1பி விசாவில் இருபது வருஷம் வரி கட்டினாலும் கூடாது. இணையத்தில் நன்கொடைப் பக்கத்தின் அடியில் "நான் குடிமகன் அல்லது நிரந்தரவாசி" என்று ஒரு வரி இருக்கும், பலர் அதைப் படிக்காமல் டிக் பண்ணிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்ப் பிரச்சாரம் செய்யலாம், அதற்குத் தடை இல்லை.

இதை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. நியூயார்க்கில் வேலை விசாவில் இருந்த ஓர் இளம் வக்கீலும் ஒரு மருத்துவரும் போட்டது. அந்த வக்கீல் கேட்டது என்ன தெரியுமா? சில வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுக்க வேண்டும், ஒபாமாவுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை அச்சடித்து சென்ட்ரல் பார்க்கில் கொடுக்க வேண்டும். கூடாது என்று 2011-இல் தீர்ப்பு. எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் கவனா. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதை அப்படியே 2015-க்குக் கொண்டுபோய் வையுங்கள். ஜெப் புஷ்ஷை அதிபராக்க ஆரம்பித்த ரைட் டு ரைஸ் என்ற சூப்பர் பேக்குக்கு (வரம்பில்லாமல் பணம் திரட்டித் தேர்தலில் செலவழிக்கும் அமைப்பு) ஒரு கலிஃபோர்னியா நிறுவனம் 13 லட்சம் டாலர் கொடுத்தது. நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது, முதலாளிகள் சீனக் குடிமக்கள், நிர்வாகக் குழுவில் ஜெப்பின் சகோதரர் நீல் புஷ். பணம் கேட்டுப் போனவரும் அவரேதான். 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு, தேர்தலில் பணம் செலவிட நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு இப்படி நடக்கும் என்று பலர் எச்சரித்தார்கள், நடந்தது. 2019-இல் தேர்தல் ஆணையம் அபராதம் போட்டது: நிறுவனத்துக்கு ஐந்தரை லட்சம், சூப்பர் பேக்குக்கு 3 லட்சத்து 90 ஆயிரம். இரண்டையும் கூட்டினாலும் கொடுத்த பணம் அளவுக்கு வரவில்லை. சிறை யாருக்கும் இல்லை.

துண்டறிக்கை கொடுக்க நினைத்தவனுக்குத் தடை. 13 லட்சம் கொடுத்தவனுக்கு அபராதம், அதுவும் நான்கு வருஷம் கழித்து.

அந்த ஆணையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேர், ஒரு கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது, எதைச் செய்யவும் நான்கு ஓட்டு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் புகார் அங்கேயே செத்துவிடும். 2025-இல் அந்த நான்கு பேர்கூட இல்லாத நிலை வந்து, விசாரணையைத் தொடங்கவோ அபராதம் போடவோ முடியாமல் போனது.

தேர்தல்பித்து எழுதியது:

1996-ஐ விட்டுவிட்டீர்களே. லிட்டில் ராக் நகரத்தில் சீன உணவகம் நடத்திய சார்லி டிரி, கிளிண்டன் ஆளுநராக இருந்தபோது அங்கே சாப்பிட வருவார், அப்படி ஏற்பட்ட பழக்கம். 1996 மார்ச்சில் கிளிண்டனின் வழக்குச் செலவு நிதிக்கு நாலரை லட்சம் டாலருக்கு மேல் உறைகளில் கொண்டுவந்து கொடுக்கிறார். பிரித்துப் பார்த்தால் பெயர்கள் வேறு வேறு, ஆனால் மணி ஆர்டர்கள் வரிசை எண்ணில் இருக்கின்றன, கையெழுத்து ஒன்றுபோல் இருக்கிறது. நிதியத்துக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் ஊருக்குச் சொல்லவில்லை. தேர்தல் முடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது.

அதே வருஷம் ஏப்ரலில் துணை அதிபர் அல் கோர் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் இருக்கும் ஷி லாய் புத்தக் கோயிலுக்குப் போனார். வறுமை விரதம் எடுத்த பிக்குணிகள் ஜனநாயகக் கட்சிக்குத் தலா 5,000 டாலருக்குக் காசோலை எழுதினார்கள், கோயில் அந்தப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அடுத்த வருஷம் அந்தப் பிக்குணிகள் மொட்டைத் தலையும் காவியுமாக செனட் குழு முன்னால் உட்கார்ந்து, கோயிலுக்குக் கெட்ட பெயர் வருமே என்று ஆவணங்களை அழித்ததை ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

ஜானி சங் என்ற இன்னொருவர், ஹிலரியின் தலைமை அலுவலரிடம் வெள்ளை மாளிகைக்குள்ளேயே 50 ஆயிரம் டாலர் காசோலை கொடுத்தவர், வெளிப்படையாகச் சொன்னார்: வெள்ளை மாளிகை சுரங்க ரயில் மாதிரி, காசு போட்டால்தான் கதவு திறக்கும். அவர் கொடுத்ததில் ஒரு பகுதி சீன ராணுவ உளவுத்துறைத் தலைவரிடமிருந்து வந்தது என்று பிறகு விசாரணையில் அவரே சாட்சியம் சொன்னார்.

மறுகோணம் எழுதியது:

அப்படியானால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 2016-க்கு மட்டும் ஏன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள்? அந்தத் தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் முல்லர் இரண்டு வருஷம் தோண்டினார், சதி என்று நிரூபிக்க முடியவில்லை. பைடன் மகன் உக்ரைனில் எரிவாயு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வாங்கினார், அதைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசவில்லை.

தேர்தல்பித்து எழுதியது:

பேசுவோம். முல்லர் சொன்னது டிரம்ப் பிரச்சாரக் குழு ரஷ்ய அரசோடு சேர்ந்து சதி செய்ததாக நிறுவப்படவில்லை என்பது. ரஷ்யா தலையிட்டதா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஹூஸ்டனில் 2016 மே 21 அன்று நடந்ததைப் பாருங்கள். இஸ்லாமிய மையம் ஒன்றின் வாசலில் எதிரும் புதிருமாக இரண்டு கூட்டம். டெக்சஸ் இஸ்லாமியமயமாவதைத் தடுப்போம் என்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் கூப்பிட்ட கூட்டம் இந்தப் பக்கம். இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று இன்னொரு பக்கம் கூப்பிட்ட கூட்டம் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். விளம்பரச் செலவு சுமார் 200 டாலர். நல்லவேளை, அடிதடி ஆகவில்லை.

ஆனால் பனங்காடு சொன்ன தரகன் கதை இங்கேயும் இருக்கிறது. டிரம்பின் பிரச்சாரக் குழுத் தலைவராக இருந்த மேனஃபோர்ட், உள்ளுக்குள் எடுத்த கருத்துக்கணிப்பு விவரங்களைக் கிலிம்னிக் என்பவருக்குக் கொடுத்தார். அந்த ஆள் ரஷ்ய உளவு அதிகாரி என்று 2020-இல் எழுதியது குடியரசுக் கட்சியினர் தலைமையில் இருந்த செனட் குழு. அதே வருஷக் கடைசியில் மேனஃபோர்ட்டுக்கும் மன்னிப்பு.

பைடன் மகன் விஷயம் அசிங்கம்தான், அப்பா துணை அதிபராக இல்லாவிட்டால் அந்த நாற்காலி கிடைத்திருக்காது. தந்தை காசு வாங்கினார் என்று நிரூபிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் ஒரு வருஷத்துக்கு மேல் முயன்றும் பதவிநீக்க ஓட்டெடுப்பு வரை போக முடியவில்லை. ஆனாலும் 2024 டிசம்பரில், மன்னிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அதே அப்பா, மகனுக்குப் பத்து வருஷத்துக்கும் மேலான காலத்தை மூடுகிற மாதிரி மன்னிப்புக் கொடுத்தார். அதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

எடிசன்வாசி எழுதியது:

இனிமேல் தேர்தல் நன்கொடை என்கிற சுற்றுவழியே தேவைப்படாது போலிருக்கிறது. டிரம்ப் பயன்படுத்தக் கத்தார் கொடுத்த 747 விமானத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பெரிசாகக் கண்ணில் படுகிற பொருள். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது 2025 மே தொடக்கத்தில் துபாய் மேடையில் அறிவித்த விஷயம். அபுதாபி அரசு ஆதரவுள்ள எம்ஜிஎக்ஸ் நிறுவனம் பைனான்ஸ் கிரிப்டோ சந்தையில் 200 கோடி டாலர் முதலீடு செய்கிறது. அதைச் சாதாரண டாலரில் கட்டாமல், டிரம்ப் குடும்பத்துக்குப் பங்கு இருக்கிற வேர்ல்ட் லிபர்ட்டி வெளியிடும் நாணயத்தில் கட்டுகிறது.

அதனால் என்ன என்று கேட்கலாம். இந்த வகை நாணயத்தில் நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் அவர்கள் ஒரு டிஜிட்டல் டாலர் கொடுப்பார்கள், உங்கள் நிஜ டாலரை அரசுக் கடன்பத்திரத்தில் போட்டு வைப்பார்கள், வட்டி வெளியிட்டவர்களுக்கு. 200 கோடிக்கு 4 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 8 கோடி டாலர், சும்மா உட்கார்ந்திருந்தாலே. யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, நன்கொடையும் இல்லை, வியாபாரம். சொத்தெல்லாம் பிள்ளைகள் நிர்வகிக்கும் அறக்கட்டளையில் இருக்கிறது, முரண்பாடே இல்லை என்கிறது வெள்ளை மாளிகை. அதே வருஷம் அக்டோபரில் பைனான்ஸ் நிறுவனர் சாவோவுக்கு மன்னிப்பு வந்தது.

பதவியில் இருப்பவர் வெளிநாட்டு அரசிடமிருந்து நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் எதையும் பெறக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது அவருடைய ஹோட்டல் வருமானம் பற்றி அதன்கீழ் வழக்குகள் போட்டார்கள். நாலு வருஷம் இழுத்து, 2021 ஜனவரியில் அவர் பதவியை விட்டு இறங்கிய உடனே, இனி இதற்கு அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. எனவே அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று இதுவரை அவர்கள் சொல்லவே இல்லை.

தென்மராட்சி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். சுபேரியின் விஷயம் இங்கே பத்திரிகைகளில் வந்தது, கொஞ்ச நாள் கதைத்தார்கள், பிறகு அடங்கிவிட்டது. காசை அனுப்பக் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஆளைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். அனுப்பியவர்கள் இங்கே பிடிபடவே இல்லை.

ஒரு கேள்வி: இப்படியான ஒப்பந்தங்களை எங்களைப் போன்ற ஆட்கள் பார்க்க வழி இருக்கிறதா?

பனங்காடு எழுதியது:

இருக்கிறது. 1938-இல் நாஜிப் பிரச்சாரத்தைத் தடுக்கக் கொண்டுவந்த வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம், ஃபாரா என்பார்கள். அதன்படி வெளிநாட்டு அரசுக்காக வேலை பார்க்கும் லாபிக்காரர் ஒப்பந்தம், வாங்கிய தொகை, யாரைச் சந்தித்தார் என்று எல்லாவற்றையும் தாக்கல் செய்ய வேண்டும். நீதித்துறையின் இணையதளத்தில் நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும், காசு கட்டத் தேவையில்லை. எல்லாமே உண்மை என்று நம்பிவிடக்கூடாது, சுபேரி மேல் வந்த குற்றங்களில் ஒன்றே அதில் பொய் எழுதியதுதான். 2025 பிப்ரவரியில் அப்போது புதிதாக வந்த அட்டர்னி ஜெனரல் (நீதித்துறையின் தலைவர்) போட்ட உத்தரவுப்படி, அப்பட்டமான உளவு வேலைக்கு நெருக்கமானதாக இருந்தால்தான் இந்தச் சட்டத்தில் குற்ற வழக்குப் போடுவார்கள். எஃப்பிஐயின் வெளிநாட்டுத் தலையீட்டுப் பிரிவையும் அதே உத்தரவில் கலைத்துவிட்டார்கள். ஆவணங்கள் மட்டும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

நான் இலங்கை பெயரில் 2009 முதல் 2015 வரை உள்ளவற்றை எடுத்து, நிறுவனம், தொகை, கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவி மூன்றையும் இதே இழையில் போடுகிறேன். கிள்ளான்_வாசி, நீங்கள் மலேசியாவுக்கு அதைச் செய்ய முடியுமா? தென்மராட்சி, அந்த ஆண்டுகளின் இலங்கைக் கணக்காய்வாளர் அறிக்கைகள் உங்கள் கைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள், இரண்டு பக்கத் தொகையும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பார்க்கலாம்.

தென்மராட்சி எழுதியது:

கேட்டுப் பார்க்கிறேன். தகவல் அறியும் சட்டம் 2016-இல் இருந்து இங்கேயும் இருக்கிறது, அறிக்கையில் இல்லாவிட்டால் வெளிவிவகார அமைச்சுக்கும் மத்திய வங்கிக்கும் மனுப் போடலாம். மனுவை நானே எழுதுகிறேன், அனுப்புவதற்கு முன் இங்கே ஒட்டுகிறேன், சட்டம் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள்.